வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களே, உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது?

தையல்மேசை (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பாஸிடம் பேசிவிட்டு குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டோம். பட்டணத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு), பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை), வாடகை பாதிதான், அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்வதில்தான் சிக்கல்.

வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் என்றால் பகலில் அறையில் தூங்குவார், இன்னோர் அறை அம்மாவுக்கு, ஆக நான் ஹாலில். மேசை என்று தனியாக இல்லை. அம்மாவின் தையல் மிஷினை உள்ளே மடக்கிவிட்டு அந்தப் பலகைமேல் மடிக்கணினியை வைத்திருக்கிறேன், மீட்டிங்கில் பேசும்போது என்னை அறியாமல் கால் மிதியை மிதித்துக்கொண்டே இருக்கும், கிரீச் கிரீச் என்று அந்தப் பக்கம் கேட்கிறதாம். சின்னவள் பாலர் பள்ளியிலிருந்து 11.30க்கே வந்துவிடுவாள். பெரியவன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, ஒரு மணிக்கு மேல் வேன் கொண்டுவந்து இறக்கும்.

இதுகூடப் பரவாயில்லை. "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது. பக்கத்து வீட்டுப் பார்சல் என்னிடம்தான் வருகிறது, எதிர்வீட்டு கேஸ் தோங் (சிலிண்டர்) வந்தாலும் நான்தான் காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டும், கோயில் கமிட்டி ரசீது புத்தகத்தைக்கூட என் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாத முடிவு வந்தால் இரவு 11 மணி வரை கணினி முன்னால்தான். சம்பளம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அப்புறம் ஊழியர் சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), பிசிபி (சம்பளத்தில் பிடிக்கிற வருமான வரி) எல்லாம் 15ஆம் தேதிக்குள். தள்ளிப்போட முடியாத வேலை.

ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. காலண்டருக்கு ஐந்தாறு கலர் அடித்தாயிற்று. பட்டியல் நீளமாகிறதே தவிர குறையவில்லை. காலை 5 மணிக்கு எழுந்து தியானம் செய்யுங்கள் என்று வீடியோவில் சொல்கிறார்கள், இந்த ஊரில் 5 மணிக்கு எழுந்திருக்காதவர் யார் என்று தெரியவில்லை. நம் ஊர் வீட்டில், நம் ஆட்களோடு இருந்துகொண்டு ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பழைய கிராணி:

வணக்கம் தங்கச்சி. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணினியில் மகள் சொல்லிக்கொடுத்த அளவுதான் தெரியும். ஆனால் ஆட்கள் செய்த வேலையைக் கணக்கெழுதியே தலை நரைத்தவன் என்பதால் ஒன்றிரண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பேர் கூப்பிடுவோம், ஆள் குரல் கொடுக்கும், இன்னாருக்கு இந்த நிரை, இன்னாருக்குப் புல்வெட்டு, இன்னாருக்கு உரம் என்று பிரித்துக் கொடுத்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதோடு அன்றைக்கு யார் என்ன செய்வது என்ற பேச்சு முடிந்தது. காட்டுக்குள் போய் நின்றுகொண்டு "இன்றைக்கு எந்த மரத்தை வெட்டலாம்" என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால், வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் நீங்கள், செய்வதும் நீங்கள், இரண்டையும் நாள் முழுக்க மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முதல் நாள் இரவே மூன்று வேலையை மட்டும் எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அதைத் திருத்தாதீர்கள்.

இன்னொன்று. உங்களிடம் செய்யவேண்டிய வேலைக்குப் பட்டியல் இருக்கிறது, செய்த வேலைக்குச் செக்ரோல் இல்லை. எங்களுக்குச் செக்ரோல்தான் எல்லாம். யாருக்கு முழுப் பேர் (முழு நாள் கூலி), யாருக்கு அரைப் பேர், யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார், மழை எப்போது பிடித்தது, எல்லாம் அதில் ஏறிவிடும். மாதக் கடைசியில் துரை கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்வதில்லை, அதைத்தான் விரித்து வைப்போம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே அந்த 555 நோட்டு, அதில் ஒன்று வாங்கி ஒரு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எதற்காக எழுந்தேன், திரும்ப எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு மருந்து கொடுத்தது, பார்சல் வாங்கியது எல்லாம் அதில் வரட்டும். பார்சல் வாங்க இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் வாசலில் பேச்சு, திரும்ப வந்து எந்த வரியில் விட்டோம் என்று தேடுவது, அதையும் சேர்த்து எழுதினால்தான் உண்மைக் கணக்கு தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து நமக்குப் பொழுது விடிவது ஏழு மணியை ஒட்டித்தான். ஆறு மணிக்கு இன்னும் இருட்டு, காய்கறி லோரி வராது, ரொட்டிக்காரர் ஹாரன் அடிக்க மாட்டார், போன் அடிக்காது. கூட்டல் கழித்தல் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பிள்ளைகள் எழும்புமுன் கொஞ்ச நேரம் கிடைத்தால் அதை வாட்சாப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சும்மா படிக்கிறவன்:

ஆப், கலர், இப்போது 555 வேறு. இதையெல்லாம் எழுதி முடிக்கவே தனியாக ஓர் ஆள் போடணும் போல. கிராணி ஐயா கோபப்படாதீர்கள்.

என் கணக்கு சிம்பிள். இருக்கிற நேரம் முழுக்க வேலை விரிந்துகொள்ளும் என்று பார்க்கின்சன் விதி ஒன்று உண்டு. 1955ல் எழுதினார், அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர், ஆக நம் பக்கத்து அலுவலகங்களைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆறு மணிக்கு மூடிவிடுங்கள். 11 மணி வரை இருக்கிறது என்று தெரிந்தால் வேலையும் 11 மணி வரை உட்கார்ந்திருக்கும்.

பத்தாங் அக்கா:

சும்மா படிக்கிறவரே, பேராசிரியர் வீட்டில் 11.30க்குப் பாலர் பள்ளி வேன் வந்து நின்றிருக்காது. ஆறு மணிக்கு மூடு என்று சொல்ல யாராலும் முடியும்.

தங்கச்சி, நான் பெஸ்தாரி ஜெயா, பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டுக்கு வந்த வேலை, எனக்கு இன்னும் வீட்டில்தான். காப்புறுதிக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. உங்கள் பிரச்சினை பட்டியலில் இல்லை என்பது என் அபிப்பிராயம். நீங்கள் வேலையில் இருப்பது வீட்டில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆலைக்குப் போகிற உங்கள் வீட்டுக்காரரை யாராவது கேஸ் தோங் வாங்கி வைக்கச் சொல்கிறார்களா? அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டாரை எடுத்தால் வேலைக்குப் போகிறார் என்று தெருவுக்கே தெரியும். நீங்கள் அதே நைட்டியில் ஹாலில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கதவும் திறந்திருக்கிறது.

அதனால் முதலில் கதவு. வேலை நேரத்தில் என் வீட்டுக் கிரில் கதவு பூட்டுதான். கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மாட்டி, பார்சல் இதில் போடவும் என்று மலாயில் எழுதி ஒட்டினேன், பொருள் கொண்டுவருகிற பையன்களுக்கும் அதுதான் வசதி. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சண்டை போடவில்லை, "அக்கா, ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பாஸ் கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார், நான் எழும்ப முடியாது" என்று சொன்னேன். பாஸ் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை. ஆனால் நான் சொன்னால் கேட்காதவர்கள் பாஸ் என்றால் கேட்கிறார்கள், என்ன செய்வது. கோயில் ரசீது புத்தகத்தை நாளைக்கே திருப்பிக் கொடுங்கள், ஆடித் திருவிழா நெருங்கினால் வசூலும் உங்கள் தலையில்தான் வந்து விழும்.

அடுத்தது, உங்கள் வேலைக்கு வாரத் திட்டம் பொருந்தாது. சம்பளக் கணக்கு மாதத்தை வைத்து ஓடுகிற வேலை. 25லிருந்து 7 வரை மூச்சு விட முடியாது, 8லிருந்து 15 வரை கட்டணங்கள், 16லிருந்து 24 வரை கொஞ்சம் தளர்வு. இந்தத் தளர்ந்த நாட்களில்தான் புது ஆட்களின் விவரம், வங்கிக் கணக்கு எண், விடுப்புக் கணக்கு எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட வேண்டும், அம்மாவின் கிளினிக் தேதியையும் அதில்தான் போட வேண்டும். கடைசி நேரத்தில் ஓவர்டைம் படிவத்தை அனுப்புகிற மேனேஜர்களுக்கு 20ஆம் தேதி என்று கெடு வையுங்கள். அதற்கு மேல் வந்தால் அடுத்த மாதச் சம்பளத்தோடு. வேலைச் சட்டத்தின் 19ஆவது பிரிவே ஓவர்டைம் காசை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் கொடுக்க இடம் தருகிறது, உங்களுக்குத் தெரியாததா. உங்கள் 11 மணி ராத்திரியில் பாதி அந்த மேனேஜர்களுடையது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

பாஸிடம் வாயால்தான் பேசினீர்களா, எழுத்தில் இருக்கிறதா? 2023 ஜனவரி 1லிருந்து அதே வேலைச் சட்டத்தில் 60P, 60Q என்று இரண்டு பிரிவுகள் வந்திருக்கின்றன. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் கேளுங்கள். காலை 6லிருந்து 11 வரை, அப்புறம் மதியம் 1லிருந்து 4 வரை என்று பிரித்துக் கேட்டால் சின்னவள் வருகிற நேரம் உங்களுடையதாகிவிடும். அதோடு வாரத்துக்கு 45 மணிதான் இப்போது உச்சம். சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் இல்லையென்றால் உங்களுக்கே ஒன்றரை மடங்கு ஓவர்டைம் வர வேண்டும். ஊருக்கெல்லாம் ஓவர்டைம் கணக்குப் போடுகிறவர் சொந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

லாபிஸ் பையன்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் கொஞ்சம் கரண்ட், லைன் விஷயம் சொல்கிறேன், ஏனென்றால் எத்தனை ஒழுங்காகத் திட்டம் போட்டாலும் மதியம் மூன்று மணிக்கு இடி இடித்து மெயின் டிரிப் ஆனால் அன்றைய திட்டம் அதோடு போச்சு. மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், இந்த மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை சகஜம். ஆகவே பெரிய வேலை, வங்கிக்கு ஏற்றவேண்டிய கோப்பு எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். மழை இருட்டிக்கொண்டு வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பைபர் இணைப்பு என்றால் வீட்டில் கரண்ட் போனாலும் கம்பியில் ஒளி பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் கிடைக்காததால்தான் லைன் போகிறது. அந்த இரண்டுக்கு மட்டும் கையகல மினி யுபிஎஸ், அதாவது கரண்ட் போனால் ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி, கிடைக்கிறது. மாற்றாக வேறு கம்பெனி சிம் ஒன்று கைப்பேசியில் இருக்கட்டும், எஸ்டேட் பக்கம் ஒரே டவரை நம்பினால் கதை முடிந்தது.

நான் சிட்னியில் உள்ள ஒரு கடைக்கு வாடிக்கையாளர் மின்னஞ்சல் பார்க்கிறேன். அவர்களுக்கு 9 மணி என்றால் நமக்கு 7. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், அப்போது எனக்கு 6. கிராணி ஐயா சொன்ன அந்த இருட்டு நேரம் எனக்கு ஆபீஸ் நேரம். அதனால் மதியம் 3 மணிக்கு எனக்கு எல்லாம் முடிந்துவிடும், முடிந்ததும் மடிக்கணினியைப் பையில் போட்டு அலமாரி மேலே வைத்துவிடுவேன். மேலே என்றால், எடுக்க நாற்காலி போட வேண்டிய உயரம். அந்தச் சோம்பலே என்னைக் காப்பாற்றுகிறது.

தக்காளிக் கடிகாரம் முறையை யாராவது சொல்வார்கள், 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிற எனக்கு அது பிரமாதம். உங்களுக்குச் சரிவராது என்று நினைக்கிறேன், ஒரு டிபார்ட்மெண்ட் கணக்கு தலையில் ஏறுகிற நேரத்தில் மணி அடிக்கும். ஒரு டிபார்ட்மெண்ட் முடிந்தால் எழுந்திருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்சாப்பை மட்டும் 10, 1, 5 என்று மூன்று வேளைக்குப் பாருங்கள், அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லிவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் போன் செய்ய மாட்டார்கள்.

பழைய கிராணி:

தம்பி நன்றாகச் சொன்னார். சும்மா படிக்கிறவருக்கு: கோபமெல்லாம் இல்லை, ஆனால் மாதம் முழுக்க எழுதச் சொல்லவில்லை, ஒரே வாரம்தான். அதற்கு மேல் எழுதினால் நீங்களே உங்களுக்குக் கிராணியாகிவிடுவீர்கள், அந்த வேலை சுகமில்லை.

தையல்மேசை:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. பத்தாங் அக்கா, நைட்டி விஷயம் எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் பாஸ் கேமரா இருக்கிறது போல.

555 எழுத ஆரம்பித்துவிட்டேன். இன்றைய பக்கத்தில் எனக்கே வியப்பாக இருந்தது பார்சல் இல்லை, நானே எழுந்து போனதுதான் அதிகம். துணி காய்ந்ததா பார்க்க, சாம்பார் கொதித்ததா பார்க்க, கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர். கணக்கில் ஒரு வரி இடிக்கிறது என்றால் உடனே எனக்குச் செடி ஞாபகம் வந்துவிடுகிறது. சரி, அதுவும் எழுதியாயிற்று. ரசீது புத்தகம் சாயங்காலமே கமிட்டி வீட்டுக்குப் போய்விட்டது. தலைவருக்கு முகம் சுண்டிப்போனது, வெள்ளிக்கிழமை பூஜையில் சந்திக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

மேனேஜர்களுக்கு 20ஆம் தேதி கெடு பற்றி பாஸுக்கு எழுதப்போகிறேன், நேரத்தைப் பிரித்துக் கேட்கிற கடிதத்தையும் சேர்த்தே அனுப்பலாமா, தனித்தனியாகவா? அப்புறம் மேசை. ஹாலில் இருக்கிறவரை எதுவும் நடக்காது என்று புரிகிறது, பின்கட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, ஆனால் மேலே வெறும் தகரம், மத்தியானம் வெந்துவிடும்.

பத்தாங் அக்கா:

தனித்தனியாக அனுப்புங்கள். கெடு விஷயம் கம்பெனிக்கு லாபம், அதை முதலில் அனுப்பி ஒரு மாதம் நடத்திக் காட்டிவிட்டு நேரத்தைக் கேளுங்கள், கேட்கிறபோது கையில் ஏதாவது இருக்க வேண்டும். பின்கட்டுதான் சரி. காலையில் அங்கே, சூடு ஏறினால் அம்மா அறைக்கு மாறிவிடுங்கள், மதியம் அம்மாவும் கண்ணயர்வார், நீங்களும் சத்தமில்லாத வேலையாகப் பாருங்கள். மீட்டிங்கை எல்லாம் காலைக்குத் தள்ளிவிடுங்கள். அந்த மிதியில் ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டுங்கள்.

லாபிஸ் பையன்:

பின்கட்டுக்கு மாறினால் ரவுட்டர் சிக்னல் இரண்டு செங்கல் சுவரைத் தாண்டி வர வேண்டியிருக்கும், நீளமான லேன் கேபிள் ஒன்று சுவர் ஓரமாக இழுத்துவிடுங்கள், மலிவுதான். மினி யுபிஎஸ் வாங்குமுன் மோடத்தையும் ரவுட்டரையும் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள். 12 வோல்ட் என்று இருக்கும், சிலதில் 9 இருக்கும், எத்தனை ஆம்பியர் என்றும் போட்டிருக்கும். அதே வோல்ட் தருகிறதாக, ஆம்பியர் அதற்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். இணையக் கட்டணம் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயரில் இருந்தால் வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை இருக்கிறதே, கணினி, கைப்பேசி வாங்கியதோடு அந்தக் கட்டணத்தையும் அதில் காட்டலாம். ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

தையல்மேசை:

லைன் அம்மா பெயரில் இருக்கிறது தம்பி. மாற்ற முடியுமா என்று திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். சீட்டில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

லாபிஸ் பையன்:

அப்போ 12 வோல்ட், 2 ஆம்பியர் தருவதாக வாங்குங்கள். அடாப்டர் முனை பொருந்துகிறதா என்று கடையிலேயே குத்திப் பார்த்துவிட்டு காசு கொடுங்கள்.